பழைய மதர்போர்டுக்கு ஏற்ற பிராசஸரைத் தேடிப் பிடித்த அனுபவம்

பழைய கம்ப்யூட்டரில் வேறு பிராசஸர் போடலாமா என்று யாரிடம் கேட்டாலும், "எந்த சாக்கெட்?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்தான் சாக்கெட். சரியான கேள்விதான். ஆனால் பலர் அதோடு விசாரிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சாக்கெட் ஒன்றாக இருந்தால் பிராசஸர் உள்ளே உட்காரும், அவ்வளவுதான். ஓடுமா ஓடாதா என்பது சிப்செட் (போர்டின் பாகங்களை இணைத்து நடத்தும் சிப்), பயாஸ் (கணினி எழும்போது முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்), பிராசஸருக்கு மின்சாரம் தரும் பகுதி ஆகியவற்றின் கையில் இருக்கிறது. ஆகவே எதைக் கேட்பதாக இருந்தாலும் மதர்போர்டைத்தான் கேட்க வேண்டும். எங்கள் வீட்டுக் கணினிக்குப் பிராசஸர் தேடியபோது நான் தெரிந்துகொண்டது இது. இன்னும் நன்றாக உழைக்கக்கூடிய எத்தனையோ கணினிகள், எது பொருந்தும் என்று தெரியாத காரணத்தாலேயே மூலையில் கிடக்கின்றன. அவற்றில் சிலவாவது மறுபடி மேசைக்கு வர வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது இன்டெல் எச்61 சிப்செட் உள்ள போர்டு, எல்ஜிஏ 1155 சாக்கெட். அதில் இருந்தது கோர் ஐ3-2100. 2011-இல் வந்த பிராசஸர். 2 கோர் (கணக்கிடும் மையம்), 4 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), 3.1 கிகாஹெர்ட்ஸ், 65 வாட். தட்டச்சு வேலைக்கும் இணையத்துக்கும் இன்றும் அது போதும். என் மனைவி கணக்குப் பாடங்களை வீடியோவாகப் பதிவுசெய்து எடிட் செய்யத் தொடங்கிய பிறகுதான் திணற ஆரம்பித்தது. ஒரு பாடத்தை முடித்து எக்ஸ்போர்ட் கொடுத்தால், அது முடியும்வரை கணினியில் வேறு எதையும் தொட முடியாது.

"ஏங்க, இதுக்குப் புதுசே வாங்கிடலாமே" என்றாள்.

"மத்ததெல்லாம் நல்லாத்தானே இருக்கு. இது ஒண்ணை மட்டும் மாத்திப் பார்ப்போம்" என்றேன்.

அப்படிச் சொல்வதற்கு முன்பு ஒன்றைச் சோதித்திருந்தேன். எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தேன். பிராசஸர் 100 சதவீதத்தில் நின்றது. 8 ஜிபி ரேமில் பாதி காலியாகவே இருந்தது, எஸ்எஸ்டி சும்மா இருந்தது. இந்த நிலை இருந்தால்தான் பிராசஸரை மாற்றிப் பயன் உண்டு. பழைய ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் தவிக்கிறது, பிராசஸர் 30 சதவீதத்தில் நிற்கிறது என்றால் எவ்வளவு நல்ல பிராசஸர் போட்டாலும் வேகம் தெரியாது. முதலில் எஸ்எஸ்டி போடுங்கள், ரேமைக் கூட்டுங்கள். பழைய கணினிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த இரண்டுமே போதும்.

சரி, பிராசஸர்தான் தடை என்று உறுதியானதும் செய்ய வேண்டிய முதல் வேலை, போர்டின் முழுப் பெயரைக் கண்டுபிடிப்பது. விண்டோஸில் 'எம்எஸ்இன்ஃபோ32' என்று தட்டினால் வரும் பக்கத்தில் போர்டைத் தயாரித்தவர், மாடல், பயாஸ் பதிப்பு மூன்றும் இருக்கும். சிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் சிப்செட்டின் பெயரும் சேர்ந்து கிடைக்கும். ஆனாலும் கேஸைத் திறந்து கண்ணால் ஒருமுறை பார்த்துவிடச் சொல்வேன். ஒரே மாடல் பெயரில் முதல் திருத்தம், இரண்டாம் திருத்தம் என்று வெவ்வேறு போர்டுகள் வந்திருக்கும். அந்த எண் போர்டின் ஓரத்திலோ ஸ்லாட்டுகளுக்கு இடையிலோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். எங்கள் போர்டில் அது கடைசி ஸ்லாட்டை ஒட்டிய மூலையில், தூசிக்கு அடியில் ஒளிந்திருந்தது. பிரஷ்ஷால் தட்டிவிட்டு, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்த பிறகுதான் படிக்க முடிந்தது. இந்தப் பொடி எழுத்து முக்கியம். திருத்த எண் மாறினால் ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலும் மாறலாம், பயாஸ் கோப்பும் மாறலாம். ஒரு திருத்தத்துக்கு உரிய பயாஸை இன்னொன்றில் ஏற்றினால் போர்டே போய்விடலாம்.

பெயரும் திருத்த எண்ணும் கைக்கு வந்ததும், போர்டைத் தயாரித்தவர்களின் தளத்தில் அந்த மாடலுக்கான பிராசஸர் ஆதரவுப் பட்டியலைத் தேட வேண்டும். இந்த முயற்சியில் ஒரே ஒரு ஆவணத்தைத்தான் நம்பலாம் என்றால் நான் நம்புவது இதைத்தான். ஒவ்வொரு வரியிலும் பிராசஸரின் பெயர், ஸ்டெப்பிங் (அதே பிராசஸரின் திருத்த வரிசை), வாட், கடைசியில் எந்த பயாஸ் பதிப்பிலிருந்து ஆதரவு என்ற விவரம் இருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தைப் பலர் கவனிப்பதில்லை. 'எஃப்10' என்று அங்கே இருந்து உங்கள் போர்டில் 'எஃப்3' இருந்தால், பட்டியலில் இருக்கிற பிராசஸரே ஆனாலும் திரை கறுப்பாகத்தான் நிற்கும்.

பிராண்டட் கணினிகளில் இது இன்னும் சிக்கல். அவற்றின் போர்டுகள் அந்தந்தக் கணினிக்கென்றே செய்யப்பட்டவை. பல மாடல்களுக்கு இப்படிப்பட்ட பட்டியலே கிடைக்காது. அங்கே நான் பின்பற்றுவது ஒரு எளிய வழி. அதே மாடல் கணினியைத் தயாரிப்பாளர் எந்தெந்தப் பிராசஸர்களோடு விற்றார் என்று பழைய விவரக் குறிப்பில் பார்த்து, அதில் இருப்பதிலேயே பெரியதை எடுப்பேன். அதைத் தாண்டிப் போக மாட்டேன்.

எல்ஜிஏ 1155 விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஒரு சாக்கெட்டில் இரண்டு தலைமுறைகள் உண்டு. 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் 32 நானோமீட்டர் (சிப்பின் நுணுக்கத்தைக் குறிக்கும் தயாரிப்பு அளவு). 2012-இல் வந்த ஐவி பிரிட்ஜ் 22 நானோமீட்டர். ஐ3-2100, ஐ5-2400, ஐ7-2600 என்று 2-இல் தொடங்குபவை முதல் வகை. ஐ5-3470, ஐ7-3770 என்று 3-இல் தொடங்குபவை இரண்டாம் வகை. எச்61, எச்67, பி67, இசட்68 சிப்செட் போர்டுகள் முதல் தலைமுறைக்கென்று வந்தவை என்றாலும், தயாரிப்பாளர் பயாஸ் வெளியிட்டிருந்தால் இரண்டாவதையும் ஏற்கும். அதே காலத்தில் அலுவலகக் கணினிகளில் வந்த கியூ65, கியூ67, பி65 சிப்செட்டுகளுக்கு இன்டெல் அந்த ஆதரவைத் தரவில்லை. எல்லாவற்றிலும் சாக்கெட் ஒன்றுதான், பின்களின் எண்ணிக்கையும் அதே 1155தான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பயாஸ் சிப்புக்குள்ளேயே மேனேஜ்மெண்ட் எஞ்சின் என்ற தனி ஃபர்ம்வேர் இருக்கிறது. ஐவி பிரிட்ஜுக்காக அது 7-ஆம் வரிசையிலிருந்து 8-க்கு மாற வேண்டியிருந்தது. அதனால் சில போர்டுகளில் பழைய பயாஸிலிருந்து நேராகக் கடைசிப் பதிப்புக்குத் தாவ முடியாது. இடையில் ஒரு பதிப்பை ஏற்றிவிட்டு அப்புறம்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். பல போர்டுகளில் ஏறிய பிறகு திரும்பி இறங்கவும் முடியாது. தயாரிப்பாளர் அந்தக் கோப்பின் பக்கத்தில் எழுதியிருக்கும் குறிப்பை வரி விடாமல் படித்துவிடுங்கள். எங்கள் போர்டுக்கும் அப்படி ஒரு இடைப்பதிப்பு இருந்தது.

பயாஸ் ஏற்றுவது பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே நடக்க வேண்டிய வேலை. புதியதை மாட்டிவிட்டால் கணினி எழாது; எழாத கணினியில் எதையும் ஏற்ற முடியாது. ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்த பென் டிரைவில் கோப்பைப் போட்டு, பயாஸுக்குள் இருக்கும் கருவி வழியாகவே ஏற்றினேன். விண்டோஸில் ஓடும் அப்டேட் கருவிகளை நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை. நடுவில் விண்டோஸ் உறைந்து போனால் பயாஸ் பாதியில் நின்றுவிடும். யுபிஎஸ் இல்லாமலும் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஏற்றுவதற்கு முன்பு பயாஸின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துவைத்தேன். அது மிகவும் உதவியது. புது பயாஸ் ஏறியதும் அமைப்புகள் எல்லாம் தொடக்க நிலைக்குப் போய்விடும். சாட்டா பகுதியில் (டிஸ்க்கோடு பேசும் முறைக்கான அமைப்பு) ஐடிஇ என்று இருந்தது ஏஎச்சிஐ என்றோ, அல்லது தலைகீழாகவோ மாறியிருந்தால் விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடும். புது பயாஸ்தான் கெடுத்துவிட்டது என்று நினைக்கத் தோன்றும். படத்தைப் பார்த்துப் பழைய அமைப்பைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும்.

பட்டியல் அனுமதிக்கிறது, பயாஸும் தயார். இனி எந்தப் பிராசஸர் என்பதுதான் கேள்வி. 4 கோர், 8 திரெட் வேண்டும் என்று முடிவுசெய்திருந்தேன். வீடியோ எடிட்டிங்குக்கு அது நன்றாகவே உதவும். ஐ7-2600, ஐ7-3770, சர்வர் வரிசையில் ஜியான் இ3-1230 வி2 ஆகிய மூன்றும் கண்ணில் பட்டன. ஐ7-2600 95 வாட், ஐ7-3770 77 வாட், அந்த ஜியான் 69 வாட். வாட்டை மட்டும் பார்த்தால் ஜியான்தான் நல்ல தேர்வு. பழைய சந்தையில் அதைத் தேடுகிறவர்களும் குறைவு. ஆனால் அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. எங்கள் கணினியில் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. மானிட்டர் நேராக மதர்போர்டில்தான் செருகியிருக்கிறது. ஜியானைப் போட்டிருந்தால் ஓடிக்கொண்டே இருக்கும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. டெஸ்க்டாப் வரிசையிலேயே ஐ5-3350பி, ஐ5-2550கே போன்றவற்றிலும் கிராபிக்ஸ் இல்லை. தனி கார்டு வைத்திருப்பவர்கள் இவற்றைத் தாராளமாக எடுக்கலாம். பெயர் 'கே' என்று முடிபவற்றின் ஓவர்கிளாக்கிங் (நிர்ணயித்ததைவிட வேகமாக ஓட்டும்) வசதி எச்61-இல் பயன்படாது, ஆகவே அதைத் தேடி அலைய வேண்டாம். எஸ், டி என்று முடிபவை குறைந்த மின்சாரத்துக்காக வேகத்தைக் குறைத்தவை. சிறிய கேஸுக்கு அவை நல்லவை.

95 வாட்டா 77 வாட்டா என்று நான் இவ்வளவு யோசித்ததற்குக் காரணம் போர்டின் மின்சுற்று. சாக்கெட்டைச் சுற்றியுள்ள சுருள்களும் மாஸ்ஃபெட் என்ற மின் சுவிட்சுகளும்தான் 12 வோல்ட்டைப் பிராசஸருக்குத் தேவையான ஒரு வோல்ட் அளவுக்கு இறக்கித் தருகின்றன. எங்களுடையது போன்ற சிக்கனமான போர்டுகளில் இந்தப் பகுதி சிறியது, மேலே ஹீட்சிங்க் (சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோகத் துண்டு) கூட இருக்காது. பட்டியல் 95 வாட்டை அனுமதித்திருந்தாலும், இத்தனை ஆண்டு உழைத்த போர்டின்மேல் அந்தச் சுமையை ஏற்ற எனக்கு மனமில்லை. வேகத்திலும் ஐ7-3770 சற்று மேலேதான். அதனால் அதையே தேர்ந்தெடுத்தேன்.

என் மச்சான் வீட்டில் இதே நேரத்தில் இன்னும் பழைய ஒன்று இருந்தது: இன்டெல் 945 சிப்செட், எல்ஜிஏ 775. "மாப்ளே, எனக்கும் ஒண்ணு பார்த்துச் சொல்லு" என்றார். 775 சாக்கெட்டின் கதை 1155-ஐவிடக் குழப்பமானது. 2004-இல் வந்த இந்தச் சாக்கெட்டில் பென்டியம் 4 முதல் கோர் 2 குவாட் வரை உட்காரும். ஆனால் 945 போர்டு 45 நானோமீட்டர் பிராசஸர்களுக்காகச் செய்யப்பட்டதில்லை. கோர் 2 டுயோ இ8400-க்கு 1333 மெகாஹெர்ட்ஸ் பஸ் (பிராசஸரையும் சிப்செட்டையும் இணைக்கும் பாதை) வேண்டும், 945 அதிகபட்சம் 1066தான் தரும் என்பதால் அது தானாகவே கழிந்துவிடுகிறது. இ7500-க்கு 1066 போதும். பஸ் பொருந்துகிறதே என்று அதை வாங்கத் தோன்றும். ஆனால் அதுவும் 45 நானோமீட்டர்தான். 65 நானோமீட்டர் கோர் 2 டுயோக்களுக்குக்கூட எல்லா 945 போர்டுகளிலும் இடமில்லை, மின்சுற்றின் திருத்தத்தைப் பொறுத்தது அது. மச்சானின் போர்டுப் பட்டியலில் கோர் 2 டுயோ இ6600 இருந்தது: 65 நானோமீட்டர், 2.4 கிகாஹெர்ட்ஸ், 1066 பஸ்.

ஆனால் இ6600 என்ற எண்ணிலேயே இரண்டு பிராசஸர்கள் உண்டு. 2006-இல் வந்த கோர் 2 டுயோ இ6600 ஒன்று. 2010-இல் வந்த பென்டியம் இ6600 இன்னொன்று. அது 45 நானோமீட்டர், 3.06 கிகாஹெர்ட்ஸ். எண்ணை மட்டும் சொல்லி வாங்கினால் எது வேண்டுமானாலும் வரலாம். ஆகவே பிராசஸரின் உலோக மூடியில் பொறித்திருக்கும் எஸ்-ஸ்பெக் குறியீட்டைக் கேளுங்கள். எஸ் எழுத்தில் தொடங்கும், நாலைந்து எழுத்து நீளம் இருக்கும். கோர் 2 குவாட் க்யூ6600-இலும் எஸ்எல்9யுஎம் என்பது 105 வாட், எஸ்எல்ஏசிஆர் என்பது 95 வாட். பெயரும் வேகமும் ஒன்று, சூட்டில் மட்டும் வித்தியாசம்.

மற்ற சாக்கெட்டுகளிலும் இதே மாதிரிதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்ஜிஏ 1151-இல் 6, 7-ஆம் தலைமுறைகள் 100, 200 வரிசை சிப்செட்டுகளில் ஓடும். 8, 9-ஆம் தலைமுறைகளுக்கும் அதே 1151 பின் என்றாலும் 300 வரிசை வேண்டும். எல்ஜிஏ 1150-இல் 5-ஆம் தலைமுறைக்கு எச்97, இசட்97 போன்ற 9 வரிசை வேண்டும். இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டி பக்கம் கொஞ்சம் தாராளம்: ஏஎம்3 பிராசஸர்களுக்குள் டிடிஆர்2, டிடிஆர்3 ரேம் இரண்டுக்குமான கட்டுப்பாடு இருப்பதால், பயாஸ் இடம்கொடுத்தால் பழைய ஏஎம்2+ போர்டிலும் ஓடும். தலைகீழாக ஏஎம்2 பிராசஸரை ஏஎம்3 போர்டில் போட முடியாது, பின் எண்ணிக்கையே இடிக்கும். ஏஎம்4-இல் சில பழைய போர்டுகளின் பயாஸ் சிப் 16 மெகாபைட்தான். ஏஎம்டியின் புதிய ரைசன் பிராசஸர்களுக்கு இடம் தருவதற்காகப் பழைய ஏ வரிசைப் பிராசஸர்களின் ஆதரவை நீக்கிய பயாஸ்களும் உண்டு. ஆகவே ஏற்றுமுன் புதிய பிராசஸர் கையில் இருக்க வேண்டும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் முதலில் அதில் சாக்கெட் இருக்கிறதா என்று பாருங்கள். அண்மைக்கால மாடல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் பிராசஸர் போர்டோடு பற்றவைக்கப்பட்டது.

வாங்கும் விஷயம். ஐ7-3770 வைத்திருந்த ஒருவரிடம் என் போர்டின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். "1155 தானே சார், எல்லாத்துலயும் ஓடும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவு. மேல்புறம், அடிப்புறம் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். மேலே மாடல் எண்ணும் குறியீடும் படிக்கும்படி இருக்க வேண்டும். மூடியில் 'கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காக வந்த மாதிரிப் பிராசஸர். சாதாரண பயாஸில் ஓடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, வேண்டாம் என்று விட்டுவிடுங்கள். அடியில் தங்கநிறப் புள்ளிகள் நடுவே நுண்ணிய பாகங்கள் இருக்கும். அவற்றில் ஒன்று பெயர்ந்திருந்தாலும் வாங்காதீர்கள். ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறவரிடமே வாங்குங்கள்.

மாட்டும் நாளில் பதற்றம் வேண்டாம், நிதானம் போதும். கணினியை அரைமணி நேரம் ஓடவிட்டுப் பிறகு அணைத்தேன். பிராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் இருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து கெட்டியாகியிருக்கும், சூட்டில் கொஞ்சம் இளகும். ஏஎம்டி ஏஎம்4 வரையிலான பிராசஸர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவற்றில் பின்கள் பிராசஸரிலேயே இருக்கும். ஹீட்சிங்கை நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வந்துவிடும். மெதுவாக இப்படியும் அப்படியும் திருகி ஒட்டு விட்ட பிறகுதான் தூக்க வேண்டும். இன்டெலின் இந்தச் சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கின்றன. ஐ3-ஐ எடுத்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துச் சாக்கெட்டைப் பார்த்தேன். எல்லாப் பின்களும் வரிசை வரிசையாக ஒரே சீராக மின்னின. ஏதாவது ஓரிடத்தில் அந்த மினுக்கம் தடைபட்டால் அங்கே பின் வளைந்திருக்கிறது என்று பொருள். இந்த நேரத்தில் சாக்கெட்டின்மேல் துணியோ விரலோ படக்கூடாது.

புதியதன் ஓரங்களில் இருக்கும் இரண்டு பள்ளங்களை சாக்கெட்டின் மேடுகளோடு பொருத்தி, செங்குத்தாக இறக்கினேன். அழுத்தவே தேவையில்லை, தானாக உட்கார வேண்டும். பிறகு லீவரை மூடும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது இயல்பு. நடுவில் பட்டாணி அளவு பேஸ்ட், அதன்மேல் ஹீட்சிங்க். ஐ3-யோடு வந்த 65 வாட் விசிறியை மீண்டும் மாட்டவில்லை. அது மெலிசான அலுமினியம். நடுவில் செம்பு உள்ள உயரமான ஒன்றை ஐ7-யோடு சேர்த்தே வாங்கியிருந்தேன். 1156, 1155, 1150, 1151 நான்கிலும் துளைகளின் இடைவெளி 75 மில்லிமீட்டர்தான், ஒன்றின் விசிறி மற்றதற்குப் பொருந்தும். 775-இல் அது 72, ஆகவே அதன் விசிறி இங்கே உட்காராது.

பவர் பட்டனை அழுத்தியதும் விசிறி சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது. பிராசஸர் மாறிய முதல் தடவை போர்டு இப்படித் தானே ஒருமுறை அணைந்து எழுவது உண்டு. பயந்து சுவிட்சை அணைக்காமல் ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். அதற்கு மேலும் திரை வரவில்லை என்றால், மின்கம்பியைக் கழற்றிவிட்டு சிஆர்2032 பேட்டரியைக் கொஞ்ச நேரம் வெளியே எடுத்துவைத்து மீண்டும் போடுங்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. பயாஸ் திரையில் ஐ7-3770 என்ற பெயர் வந்தது. ரேமின் வேகமும் 1333-லிருந்து 1600-க்கு ஏறியிருந்தது. எங்கள் ரேம் 1600 வகைதான், பழைய பிராசஸர் 1333-க்கு மேல் தரவில்லை.

அன்று மாலை ஒரு முழுப் பாடத்தை எக்ஸ்போர்ட் செய்து வெப்பநிலையைக் கவனித்தோம். எழுபதைத் தாண்டவில்லை. முன்பு ஆகிற நேரத்தில் பாதிக்கும் குறைவாகவே முடிந்தது. அவ்வளவு நேரமும் என் மனைவி பக்கத்திலேயே அடுத்த பாடத்துக்கான படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள், கணினி தடுமாறவில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு இறங்குங்கள். பிராசஸரை மாற்றுவதால் இந்தப் போர்டுகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. இன்டெலில் அதற்குப் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கோர் 2 காலத்துப் பிராசஸர்களில் பாப்கவுண்ட் என்ற கட்டளையே இல்லாததால், விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு அவற்றில் எழவே எழாது. மச்சானுக்கு இதைச் சொன்னதும் இலகுவான லினக்ஸ் ஒன்றுக்கு மாறிக்கொண்டார். அந்த இ6600-க்கு அது பாரமில்லை. நாங்களும் லினக்ஸுக்கு மாறி, அதிலேயே ஓடும் எடிட்டரில் பாடங்களைச் செய்கிறோம். கழற்றிய ஐ3-2100-ஐப் பிராசஸருக்கான பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, மேலே மாடல் எண்ணை எழுதிவைத்திருக்கிறேன். பழைய பயாஸோடு நிற்கிற 1155 போர்டு யாரிடமாவது இருந்தால், அப்டேட் ஏற்றுவதற்காக இரவல் கொடுக்க அது உதவும்.